புரியாத தாளில் ஒரு கையெழுத்து



"படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதே" என்று வகுப்பில் சொல்வேனே, நினைவிருக்கிறதா? படிக்கவே தெரியாத மொழியில் தாளை நீட்டினால்?

தென் அமெரிக்காவின் பெரு நாட்டில் அதுதான் நடந்தது. 1995-இல் அதிபர் புஜிமோரி பெய்ஜிங் மகளிர் மாநாட்டுக்கே போய்ப் பேசினார். மறு ஆண்டு தொடங்கிய குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டத்தில், 2000-க்குள் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களுக்குக் கருத்தடை அறுவை சிகிச்சை. பலர் மலைக் கிராமத்துக் கெச்சுவா பழங்குடிப் பெண்கள்; ஒப்புதல் தாளோ ஸ்பானிய மொழியில். பணியாளர்களுக்கு 'இத்தனை பேர்' என்று இலக்கு வேறு.

7 பிள்ளைகளின் தாய் மமெரித்தா மெஸ்தான்சா மிரட்டலுக்குப் பயந்து சம்மதித்தார். 1998 ஏப்ரலில் இறந்தார். 2003-இல்தான் அரசு பொறுப்பேற்றது.

பிள்ளை வேண்டுமா, போதுமா என்பதை அந்தப் பெண்தான் சொல்ல வேண்டும். மருத்துவமனைகளில் வேலை பார்க்கும் என் பிள்ளைகளே, அவளுக்குப் புரியும் மொழியில் கேளுங்கள்.