நாயின் கால்கள்

1839இல் ஓஷானெஸி கல்கத்தாவில் கஞ்சாவை மருந்தாகச் சோதித்து எழுதினார். பிறகு அதன் சாறு மேற்கத்திய மருந்துக்கடைகளில் போத்தலில் விற்றது. ஒரு போத்தல் ஆளைச் சாய்க்கும். அதே லேபிள் ஒட்டிய இன்னொன்று வெறும் பச்சைத் தண்ணி. போதை தரும் டி.எச்.சி.யை மெக்குலமும் கவோனியும் தனியாகப் பிரித்தெடுத்தது 1964இல்தான். அதுவரைக்கும் எதை அளப்பது? அமெரிக்காவின் பார்க்-டேவிஸ் நிறுவனம் நாய்க்குக் கொடுத்துப் பார்த்தது. நாய் தள்ளாடினால் சரக்கு தேறியது.

சிரிப்பு வருதுதான். ஆனால், இன்று லேபிளில் அச்சாகும் டி.எச்.சி. சதவீதத்தைவிட எனக்கு அந்தத் தள்ளாட்டம் பெரிது. எண், பூவில் உள்ளதைச் சொல்கிறது. நாய், உடம்பில் நடந்ததைச் சொன்னது. 1942இல் அமெரிக்க மருந்துநூலிலிருந்து கஞ்சாவே நீக்கப்பட்டது. நாய்களுக்கும் வேலை போனது.