கிணற்றுப் படிகள்: கொங்கு நாட்டில் நீச்சல் பழகிய கதை

கோவைப் பக்கம் ஐம்பது வயதைத் தாண்டியவர்களிடம் "நீச்சல் எங்கே பழகுனீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். ஸ்விம்மிங் பூல் பேரோ, கோச் பேரோ வராது. "எங்க தோட்டத்துக் கெணத்துலதானுங்க" என்பார்கள். இல்லையென்றால் "மாமன் தோட்டத்துக் கெணத்துல". இன்று விமான நிலையமும் கல்லூரிகளும் ஐ.டி. கட்டடங்களுமாக நிற்கிற பீளமேட்டிலும் பழைய ஆட்கள் சொல்லும் பதில் இதுதான். பருத்திக் காடும் கிணற்றுத் தோட்டமுமாக இருந்த ஊர் அது.

கொங்கு வழக்கில் மழையை நம்பிய நிலம் 'காடு'. கிணறு இருந்தால்தான் அது 'தோட்டம்'. ஆகவே தோட்டம் என்று சொன்னாலே அதற்குள் ஒரு கிணறும், அந்தக் கிணற்றில் ஒரு நீச்சல் பள்ளிக்கூடமும் அடக்கம்.

பள்ளிக்கூடம் என்று சும்மா அழகுக்குச் சொல்லவில்லை. உலகத்தில் நீச்சல் சொல்லித்தரும் அமைப்புகள் இன்று முதல் நிலை, இரண்டாம் நிலை என்று வகுத்து வைத்திருக்கும் பாடத்திட்டத்தைப் பார்த்தால், எழுதப்படாத ஒரு பாடத்திட்டம் நம் கிணற்றுக்குள்ளும் இருந்தது தெரியும். அது என்ன சொல்லிக் கொடுத்தது, எதை விட்டது, யாரை உள்ளே விடவில்லை, எப்படி மறைந்தது என்பதுதான் இந்தக் கட்டுரை.

கிணறுகளின் நாடு

நொய்யல் ஓரத்துக் குளங்களை விட்டு விலகினால் கொங்கு நாடு வறண்ட மேட்டு நிலம். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் இருப்பதால் விவசாயம் கிணற்றைத்தான் நம்பியது. 1800-இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக இந்தப் பக்கம் பயணம் செய்த பிரான்சிஸ் புக்கானன், மாடு பூட்டித் தண்ணீர் இறைக்கும் கபிலைக் கிணறுகளைப் பற்றிக் குறித்து வைத்திருக்கிறார். நாம் 'கவலை' என்று சொல்வது அதைத்தான். 1887-இல் வெளிவந்த எஃப்.ஏ. நிக்கல்சனின் கோயம்புத்தூர் மாவட்டக் கையேட்டிலும் கிணற்றுப் பாசனத்துக்குப் பெரிய இடம் உண்டு.

இவை சேந்து கிணறுகள் போலக் குறுகலானவை அல்ல. பாறையைப் பிளந்து வெட்டிய அகன்ற பள்ளங்கள். பக்கச் சுவரில் பதித்த கற்களோ, வெட்டிய படிகளோ தண்ணீருக்குள் வரை இறங்கும். கிணற்றுக்கும் குளத்துக்கும் உள்ள முக்கியமான வித்தியாசம் இங்கேதான் வருகிறது: கிணற்றில் ஆழம் மெல்ல மெல்லக் கூடாது. கடைசிப் படியை விட்டால் நேரே ஆள் மட்டம், அதற்கும் கீழே.

முட்டையும் சுரைக்குடுக்கையும்

அமெரிக்கத் தலைவர்களில் ஒருவரான பெஞ்சமின் ஃபிராங்க்ளின் நல்ல நீச்சல்காரர். நீச்சல் தெரியாத நண்பர் ஒருவருக்கு 18-ஆம் நூற்றாண்டில் அவர் எழுதிய கடிதம் புகழ்பெற்றது. படிப்படியாக ஆழம் கூடும் இடமாகப் பார்த்து மார்பளவு தண்ணீர் வரை நட. கரையைப் பார்த்துத் திரும்பி நின்று, உனக்கும் கரைக்கும் நடுவில் ஒரு முட்டையைப் போடு. முங்கி அதை எடுக்கப் பார். முயன்றால் தண்ணீர் உன்னைக் கீழே விடாமல் மேலே தள்ளுவது உனக்கே புரியும். அதுதான் பாடம். தண்ணீர் தாங்கும் என்ற நம்பிக்கை வந்துவிட்டால் பாதி நீச்சல் வந்த மாதிரி.

ஆனால் இந்த யோசனைக்குச் சரிவான கரை வேண்டும். கிணற்றில் அது கிடையாது. அதனால் கொங்குக் கிணறு வேறு வழி பிடித்தது. இடுப்பில் கயிறு, கயிற்றின் மறுமுனை படியில் நிற்கும் அப்பனோ மாமனோ கையில். முதுகில் காய்ந்த சுரைக்குடுக்கை. பிற்காலத்தில் அந்த இடத்துக்கு லாரி டியூப் வந்தது, பிறகு மூடி இறுக்கிய காலி பிளாஸ்டிக் கேன் வந்தது. பெயர் மாறினாலும் வேலை ஒன்றுதான்: காற்று அடைபட்ட ஒன்று, பயந்த பிள்ளையை மேலே வைத்திருக்க வேண்டும்.

அடுத்தடுத்த படிகளைப் பல ஊர்களில் ஏறக்குறைய ஒரே வரிசையில் சொல்வார்கள். முதலில் தண்ணீருக்குள் இருக்கும் படியில் உட்கார்ந்து முங்கி எழுவது, மூச்சை அடக்குவது. அடுத்து படியைப் பிடித்துக்கொண்டு கால் அடிப்பது. பிறகு குடுக்கையோடு ஒரு படியிலிருந்து எதிர்ச் சுவர் வரை. பிறகு குடுக்கை இல்லாமல், கயிறு மட்டும். பிறகு கயிறும் இல்லாமல் நாய் நீச்சல். மல்லாக்க மிதப்பது, உள்நீச்சல், நின்ற இடத்திலேயே நிற்பது எல்லாம் அதற்கு அப்புறம். மேட்டிலிருந்து குதிப்பது கிட்டத்தட்டப் பட்டமளிப்பு விழா. எதுவும் வராதவனுக்கு 'கடப்பாரை நீச்சல்' என்ற பட்டம் இலவசம்.

கடைசிப் பரீட்சை ஒன்று உண்டு. கிணற்றின் அடிவரை முங்கி, ஒரு கை மண் எடுத்து வந்து காட்ட வேண்டும். இதன் பழமையை நினைத்தால் ஆச்சரியமாக இருக்கிறது. புறநானூற்றின் 243-ஆம் பாட்டில், தொடித்தலை விழுத்தண்டினார் என்ற புலவர் தடியூன்றிய முதுமையில் தன் இளமையை நினைத்துப் பார்க்கிறார். ஆற்றங்கரை மருத மரத்துக் கிளையில் ஏறி, கரையில் நிற்பவர்கள் வியக்க ஆழமான மடுவில் குதித்து, அடி மணலை அள்ளி வந்து காட்டியதுதான் அந்த நினைவு. இன்றைய நீச்சல் வகுப்புகளில் குளத்தின் அடியில் போட்ட பொருளை எடுத்து வரச் சொல்லும் சோதனையும் இதே சங்கதிதான்.

நிலைகள் எழுத்துக்கு வந்த கதை

மேற்கே இந்தப் படிகளை எழுதி, சோதித்து, சான்றிதழ் கொடுக்கத் தூண்டியது பந்தய ஆசை அல்ல, சாவுதான். தண்ணீரில் மூழ்கிச் சாகிறவர்களைத் தடுக்க 1891-இல் லண்டனில் வில்லியம் ஹென்றி முதலானோர் உயிர்காப்புச் சங்கம் ஒன்றைத் தொடங்கினார்கள். பிற்காலத்து ராயல் லைஃப் சேவிங் சொசைட்டி அதுதான். அமெரிக்காவில் வில்பர்ட் லாங்ஃபெல்லோ சொன்ன யோசனையின்படி செஞ்சிலுவைச் சங்கம் 1914-இல் உயிர்காப்புப் படையை ஆரம்பித்தது. எல்லோருக்கும் நீச்சல், நீச்சல் தெரிந்த ஒவ்வொருவருக்கும் உயிர்காப்பு என்பது அவருடைய கொள்கை. அந்தச் சங்கத்தின் பாடத்திட்டம் இன்று ஆறு நிலைகளாக இருக்கிறது: தண்ணீருக்குப் பழகுவதில் தொடங்கி, அடிப்படைத் திறன், நீச்சல் வகைகள், அவற்றைத் திருத்துவது, மெருகேற்றுவது, கடைசியில் தேர்ச்சி. ஒவ்வொரு நிலையிலும் நீச்சலோடு சேர்த்து ஒரு பாதுகாப்புப் பாடமும் வரும்.

நெதர்லாந்தில் பிள்ளைகள் ஏ, பி, சி என்று மூன்று சான்றிதழ் வாங்குகிறார்கள். அங்கே போட்டிருக்கும் துணிமணியோடு நீந்திக் காட்ட வேண்டும். கால்வாய் நிறைந்த நாடு; விழுகிறவன் நீச்சல் உடை போட்டுக்கொண்டு விழ மாட்டான் என்பது அவர்களுக்குத் தெரியும்.

நமக்கு நெருக்கமான உதாரணம் வங்கதேசம். அங்கே வீட்டுக்கு வீடு குட்டை, கரை செங்குத்து. நம் கிணற்றின் பிரச்சினையேதான். 'ஸ்விம்சேஃப்' திட்டத்தில் அவர்கள் குட்டைக்குள்ளேயே மூங்கில் மேடை கட்டினார்கள். ஆழமான தண்ணீருக்குள் பிள்ளைகள் கால் ஊன்ற ஒரு செயற்கைத் தரை! 4 முதல் 12 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு உள்ளூர் இளைஞர்களே சொல்லித்தந்தார்கள். 25 மீட்டர் நீந்த வேண்டும், மிதந்து நிற்க வேண்டும், கரையிலிருந்தபடி ஒருவரைக் காப்பாற்றத் தெரிய வேண்டும். பழகிய பிள்ளைகளிடையே மூழ்கிச் சாவது 90 சதவீதத்துக்கும் மேல் குறைந்ததாக 2012-இல் வெளியான ஆய்வு காட்டியது.

கிணற்றுப் பள்ளியின் ஓட்டைகள்

பழசெல்லாம் பொன் என்று சொல்லிவிட்டுப் போக முடியாது. முதல் ஓட்டை, அந்தப் பள்ளியில் சேர்க்கை எல்லோருக்கும் கிடையாது. கிணறு பொதுச் சொத்து அல்ல, பட்டாதாரரின் சொத்து. அதே தோட்டத்தில் பண்ணையத்துக்கு இருந்த தலித் குடும்பத்துப் பிள்ளைகள் தண்ணீரைத் தொடுவதே பல இடங்களில் குற்றமாக இருந்தது. பெண் பிள்ளைகளோ, பழகினாலும் வயதுக்கு வந்ததும் பெரும்பாலும் கிணற்றுப் பக்கம் நீந்தப் போனதில்லை. நீச்சல் தெரிவதும் தெரியாததும் சாதியாலும் பாலாலும் முடிவானது.

இரண்டாவது, கிணற்றுத் தண்ணீர் நிற்கும் தண்ணீர். அதில் சூரனாக இருப்பவன் ஆற்றிலும் சூரன் என்று நினைப்பது ஆபத்து. மேட்டுப்பாளையத்தில் பவானி ஆறு அமைதியாகத்தான் தெரியும். மேலே பில்லூர் அணையில் தண்ணீர் திறந்தால் சட்டென்று மட்டம் ஏறும். பி.ஏ.பி. வாய்க்காலில் இழுவை ஒரு பக்கம், பிடிமானமில்லாத வழுக்குச் சரிவு ஒரு பக்கம். நீந்தத் தெரிந்தவனுக்குக்கூட ஏறத் தெரியாது. 2023 அக்டோபரில் வால்பாறை அருகே சோலையாற்றில் குளிக்க இறங்கிய கல்லூரி மாணவர்கள் ஐந்து பேர் ஒரே நாளில் போனார்கள். ஒருவர் மூழ்கும்போது இன்னொருவர் கை நீட்டி இறங்குவதும், அவரும் சேர்ந்து போவதும் செய்தித்தாளில் நாம் திரும்பத் திரும்பப் படிக்கிற விஷயம்.

மூன்றாவது ஓட்டை இதுதான்: காப்பாற்றுவது எப்படி என்பதைக் கிணறு முறையாகச் சொல்லித் தரவில்லை. பாடப்புத்தக விதி ரொம்ப எளிது. கழியை நீட்டு, கயிறோ மிதக்கும் பொருளோ வீசு. தண்ணீரில் இறங்குவது பயிற்சி பெற்றவனின் கடைசி வழி. இந்த விதியை எந்த வகுப்பும் போகாமல் கடைப்பிடித்தவர்கள் உண்டு. 2020 ஆகஸ்டில் பெரம்பலூர் மாவட்டம் கொட்டரை நீர்த்தேக்கத்தில் நான்கு இளைஞர்கள் மூழ்கியபோது, கரையிலிருந்த செந்தமிழ்ச்செல்வி, முத்தம்மாள், ஆனந்தவல்லி மூவரும் கட்டியிருந்த சேலையை அவிழ்த்து வீசினார்கள். இரண்டு பேர் அதைப் பிடித்துப் பிழைத்தார்கள். தமிழக அரசு மூவருக்கும் கல்பனா சாவ்லா விருது கொடுத்தது.

மோட்டார் வந்தது, தண்ணீர் போனது

கிணற்றுப் பள்ளிக்கூடத்தை மூடியதில் பீளமேட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. 1932-இல் பைக்காரா மின்சாரம் வந்தது. 1937-இல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து, இந்தியாவில் செய்த முதல் மின்மோட்டாரைப் பீளமேட்டில் உருவாக்கினார்கள். கோவை பம்புசெட் ஊரானது. கவலை ஓட்டிய மாடுகளுக்கும் மனிதர்களுக்கும் அது விடுதலை. அதில் சந்தேகமே இல்லை. ஆனால் கவலை நாள் முழுக்க இறைத்ததை மோட்டார் கொஞ்ச நேரத்தில் இறைத்தது. மட்டம் இறங்கியது, கிணற்றை ஆழப்படுத்தினார்கள். மறுபடி இறங்கியது. திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் வந்து போர் போட்டன. நூறு அடிக் கிணறு வறண்டு, அதன் பக்கத்திலேயே ஆயிரம் அடிக் குழாய் இறங்கியது. வறண்ட கிணறுகள் குப்பைக் குழியாயின, சில மூடப்பட்டு மனையாயின.

ஆழ்துளைக் கிணற்றில் யாரும் நீச்சல் பழக முடியாது. ஆனால் குழந்தை விழ முடியும். 2019 அக்டோபரில் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் கைவிடப்பட்ட குழாய்க் கிணற்றில் விழுந்த இரண்டு வயதுக் குழந்தைக்காக நாடே விழித்திருந்தது. காப்பாற்ற முடியவில்லை.

இப்படித்தான் ஒரு தலைமுறை தண்ணீர் தெரியாமல் வளர்ந்தது. தெரியாவிட்டாலும் தண்ணீரின் ஈர்ப்பு குறையவில்லை. லீவு விட்டால் ஆழியாறு, பவானி, வால்பாறை. இந்தியாவில் ஆண்டுக்குச் சுமார் 38,000 பேர் மூழ்கிச் சாகிறார்கள். 2021-இல் ஐ.நா. சபை ஜூலை 25-ஐ மூழ்கல் தடுப்பு நாளாக அறிவித்தது. 2023 டிசம்பரில் இந்திய சுகாதார அமைச்சகமும் இதற்கென்று ஒரு செயல்திட்ட வரைவை வெளியிட்டது. காகிதத்தில் விஷயம் வந்தாகிவிட்டது.

இனி வேண்டியது, நகரத்துப் பள்ளிகளில் நான்கு வகை ஸ்ட்ரோக் சொல்லித்தரும் கோடை வகுப்பு மட்டும் அல்ல. நம் ஊருக்கான நிலைகள் வேண்டும். முதல் நிலையில் மூச்சும் மிதப்பும். இரண்டில் 25 மீட்டர், எந்த நீச்சலானாலும் சரி. மூன்றில் உடுத்திய துணியோடு. நான்கில் ஓடும் தண்ணீரையும் அணைத் திறப்பையும் வாய்க்கால் சரிவையும் பற்றிய பாடம். ஐந்தில் இறங்காமல் காப்பாற்றுவது: துண்டு, சேலை, கயிறு, காலி கேன். கடைசி இரண்டு பாடங்களுக்கு நீச்சல் குளமே வேண்டாம். பள்ளி மைதானம் போதும். நீந்தத் தெரியாத பிள்ளையும் அதில் தேறலாம். கிணற்றில் இடம் கிடைக்காதவர்களின் பேரப்பிள்ளைகளும் சேர்ந்து தேறலாம்.