பல்வலியும் மின்சார ரயிலும்

சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது 1931 மே மாதத்தில். தென்புறநகரின் வரலாற்றை எழுதுவோர் அந்த ரயிலோடு அலுவலகத்தையும் கல்லூரியையும் சேர்த்துப் பேசுவர், பல்வலியைச் சேர்ப்பாரில்லை.

இந்தியாவின் முதல் பல் மருத்துவக் கல்லூரியை ஆர். அகமது கல்கத்தாவில் நிறுவியது 1920இல். பல் மருத்துவர்களுக்கென நாடு தழுவிய பதிவுமுறையை 1948ஆம் ஆண்டுச் சட்டமே கொண்டுவந்தது. சென்னை மருத்துவக் கல்லூரியில் 1953இல் தொடங்கிய பல் மருத்துவப் பிரிவுதான் பின்னர் அரசு பல் மருத்துவக் கல்லூரியாயிற்று. கோட்டை ரயில் நிலையத்திலிருந்து நடக்கிற தூரம்.

நடக்கிற தூரம்தான், ஆனால் தாம்பரத்திலிருந்து போய்வர ஒரு நாள் கூலி போய்விடும். ஆகவே என் தாயார் கிராம்பை அதக்கிக்கொண்டு மாதக்கணக்கில் பொறுத்திருந்தார். கன்னம் வீங்கிய பிறகே ரயிலேறினார். கடைவாய்ப் பல்லை எடுப்பதைத் தவிர வேறு வழியிருக்கவில்லை.

ஆலங்குச்சியையும் வேலங்குச்சியையும் போற்றும் பழமொழி நம்மிடம் உண்டு. பல் மருத்துவரைப் போற்றும் பழமொழி ஒன்றும் எனக்கு நினைவில்லை!

வாயிலுள்ள நுண்ணுயிரிகள் சர்க்கரையை அமிலமாக்க, அவ்வமிலம் எனாமலை அரிப்பதே சொத்தை. தொடக்கத்தில் அது வலிப்பதேயில்லை. அப்போது சென்றால் அடைத்துவிடலாம். கூழ்வரை பரவிவிட்டால் வேர்ச் சிகிச்சை வேண்டும். அதற்கும் பிந்தினால் பல்லே போகும்.

இன்று தாம்பரத்தில் தெருவுக்கொரு பல் மருத்துவமனை. பெயர்ப்பலகையில் பட்டத்தையும் பதிவு எண்ணையும் பார்த்துவிட்டு உள்ளே செல்லலாம். ரயில் ஏற வேண்டியதில்லை. என் தாயாரோ இன்னமும் கிராம்பு டப்பாவைத்தான் தேடுகிறார்.