நாடு திரும்புவோருக்கான தனிமை விதி: டென்மார்க் அனுபவம்

டென்மார்க்கில் கொரோனா தொற்று முதன்முதலாக 2020 பிப்ரவரி 27 ஆம் தேதி, இத்தாலியில் விடுமுறையைக் கழித்துத் திரும்பிய ஒருவரிடம் கண்டறியப்பட்டது. ஆனாலும் பயணிகளுக்கான பரிசோதனையும் தனிமைப்படுத்தலும் சட்டப்படி கட்டாயமாக்கப்பட்டது 2021 தொடக்கத்தில்தான்.

ஜனவரி 9 முதல், விமானம் ஏறும் முன்பே தொற்றில்லை என்ற சான்று கோரப்பட்டது. பிப்ரவரி 7 முதல், வந்திறங்கியதும் மற்றொரு பரிசோதனையும் 10 நாள் தனிமையும் கட்டாயமாயின. நான்காம் நாளிலோ அதன் பின்னரோ எடுக்கப்படும் பிசிஆர் பரிசோதனையில் தொற்றில்லை எனத் தெரிந்தால் தனிமையை முடித்துக்கொள்ள அப்போது அனுமதி இருந்தது. தொற்றிய முதல் சில நாட்களில் வைரஸின் அளவு மிகக் குறைவாக இருப்பதால், வந்தவுடன் செய்யும் பரிசோதனையில் அது தப்பிவிடக்கூடும் என்பதே இந்தக் காத்திருப்புக்குக் காரணம்.

விதியைவிட வீடுதான் பெரிய சிக்கல். கோபன்ஹேகனுக்கு மேற்கே, 1960களிலும் 70களிலும் திட்டமிட்டுக் கட்டப்பட்ட அல்பர்ட்ஸ்லுண்டில் வாடகைக் குடியிருப்புகளும், வெளிநாடுகளிலிருந்து குடியேறிய குடும்பங்களும் அதிகம். பலர் சேர்ந்து வாழும் வீட்டில், திரும்பி வந்தவருக்கென ஓர் அறையை ஒதுக்குவது எளிதல்ல.

இலங்கையோ 2020 மார்ச்சில், இத்தாலி, தென்கொரியா, இரான் ஆகிய நாடுகளிலிருந்து வந்தோரை மட்டக்களப்பு மாவட்டத்தின் புணானை போன்ற இடங்களில் 14 நாட்கள் தங்கவைத்தது. குடும்பத்தாருக்குத் தொற்றும் அபாயம் இதில் குறைவு. பிரிவின் சுமை அதிகம். அதே மாதம் டென்மார்க் உள்ளிட்ட சில ஐரோப்பிய நாடுகளிலிருந்து வருவோருக்கும் இலங்கை தடை விதித்தது.

டென்மார்க்கின் நுழைவுக் கட்டுப்பாடுகள் 2022 மார்ச் மாத இறுதியில் நீக்கப்பட்டன.