காடு வெட்டிய இடத்துக் காய்ச்சல்

ஸ்டீவன் சோடர்பெர்க்கின் 'கண்டேஜன்' 2011-இல் வந்தது. கொரோனா காலத்தில் உலகமே அதைத் தேடிப் பார்த்து, ஊரடங்கையும் தடுப்பூசிக்கான காத்திருப்பையும் முன்கூட்டியே சொன்ன படமென்று வியந்தது. அதன் கடைசிக் காட்சிக்கு மட்டும் உரிய கவனம் கிடைக்கவில்லை. அதில் புல்டோசர் ஒரு மரத்தைச் சாய்க்கிறது, வௌவால்கள் கலைகின்றன, ஒன்றின் வாயிலிருந்த வாழைப்பழத் துண்டு பன்றிக் கொட்டகையில் விழுகிறது, அதைத் தின்ற பன்றி மக்காவ் சூதாட்ட விடுதியின் சமையற்கட்டுக்குப் போகிறது. பேயோ வேற்றுக்கிரகவாசியோ வராத இந்தப் படத்தை அறிவியல் திகில் வகையில் சேர்க்கத் தயங்குவோர் உண்டு. நடக்கக்கூடிய திகிலை விடப் பெரிய திகில் எது? அதுவும் இது மலேசியாவின் நெகிரி செம்பிலானில் நடந்தே முடிந்தது.

படத்தின் கற்பனைக் கிருமிக்கு முன்மாதிரி நிப்பா வைரஸ். 1998-இல் பேராக்கின் கிந்தா வட்டாரத்தில் பரவிய நோய், விற்கப்பட்ட பன்றிகளோடு தெற்கே வந்து போர்ட்டிக்சன் மாவட்டத்தின் புக்கிட் பெலாண்டுக், சுங்கை நிப்பா பகுதிகளைப் பிடித்தது. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று நம்பிக் கொசுப்புகை அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் சுவா கா பிங் புதிய கிருமியைப் பிரித்தெடுத்த பிறகே திசை மாறியது. மலேசியாவில் 265 பேர் நோயுற்றனர், 105 பேர் இறந்தனர். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் கொல்லப்பட்டன. நோயுற்றவர்களில் பெரும்பாலோர் சீனர்கள், பண்ணைகளில் வேலை செய்த இந்தியர்களும் அவர்களில் இருந்தார்கள்.

இதைப் படிக்கும்போது மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களில் பரவிய மலேரியாவும் நினைவுக்கு வருகிறது. பன்றிப் பண்ணைக் கதைக்கும் ரப்பர்த் தோட்டத்துக்கும் என்ன உறவு என்று கேட்கலாம். நிலத்தைத் திறந்த விதம்தான் உறவு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவின் மலைச்சரிவுகளில் காட்டை வெட்டிப் பால்மரம் நட்டபோது, நிழலில் ஓடிய ஓடைகள் வெயிலுக்கு வந்தன. வெயில் படும் தெளிந்த நீரில்தான் 'அனாஃபிலிஸ் மாக்குலேட்டஸ்' கொசு முட்டையிடும். கிள்ளானின் தாழ்நிலத்தில் காட்டை வெட்டி நீரை வடித்ததும் மலேரியா குறைந்தது. மேட்டு நிலத்தில் அதே வைத்தியம் நோயைப் பெருக்கியதை மால்கம் வாட்சன் என்ற மருத்துவர் கண்டு எழுதினார். அந்த அறிவு சேர்வதற்குள் லயங்களில் தமிழ்க் கூலிகள் கூட்டம் கூட்டமாய்ச் செத்தார்கள். இலாபம் ஒருவருக்கு, காய்ச்சல் இன்னொருவருக்கு என்ற ஏற்பாடு நிப்பாவுக்கு முன்பே இந்த நாட்டில் இருந்தது.

காடழிப்பே நிப்பாவைக் கொண்டுவந்தது என்பது முழுதாக நிறுவப்படவில்லை என்ற மறுப்பு நியாயமானது. பிந்தைய ஆய்வுகள் பேராக்கின் பெரிய பண்ணையொன்றில் கொட்டகையை ஒட்டி வளர்த்த மாமரங்களையே சுட்டுகின்றன. பழத்துக்கு வௌவால் வந்தது, கடித்த மிச்சம் பன்றிக்குப் போனது. அப்படியானால் படத்தின் புல்டோசர் ஒரு சுருக்கம்தான். ஆனால் ஒரே நிலத்தில் இரட்டை வருமானம் தேடிய திட்டமே கிருமிக்கு வழி திறந்தது என்பதால், இலாபத்துக்காக நிலத்தைப் பயன்படுத்திய விதமே நோயைக் கொண்டுவந்தது என்ற என் வாதம் வலுக்கவே செய்கிறது. படத்தின் உண்மையான குறை வேறு. அதன் கிருமி பன்றியிலிருந்து சமையற்காரர் கை வழியே நேராக ஓர் அமெரிக்க நிறுவன அதிகாரியிடம் தாவுகிறது. பன்றியை வளர்த்தவர், கொட்டகையைக் கழுவியவர் யாரும் அதில் நோயுறுவதில்லை. புக்கிட் பெலாண்டுக்கில் முதலில் விழுந்தவர்கள் அவர்கள்தான்.