மென்பொருள் உரிமமும் பராமரிப்புக் கட்டணமும்: ஒரு விலைமுறை உருவான வரலாறு

தாம் எழுதிய மென்பொருளை விற்கத் துணிகிறவர் இரண்டு விலைகளைக் குறிக்க வேண்டியிருக்கிறது. பயன்படுத்தும் உரிமத்துக்கு ஒன்று. பிறகு ஆண்டுதோறும் பராமரிப்புக்கு, நம் வணிக வழக்கில் ஏ.எம்.சி.க்கு, இன்னொன்று. பேரமெல்லாம் முதல் விலையில்தான் நடக்கிறது. ஆனால் தயாரிப்பாளருக்கும் வாடிக்கையாளருக்கும் இடையே எழுந்த கடும் பூசல்களில் பல இரண்டாவது விலையைச் சுற்றியே நடந்தன. அந்த விலையைக் கணிக்க உறுதியான அடிப்படை இன்றும் அமையவில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

1960களின் நடுப்பகுதி வரை இரண்டு விலைகளுமே இல்லை. ஐ.பி.எம். தன் கணினிகளைப் பெரும்பாலும் மாத வாடகைக்கே கொடுத்தது. நிரல்களும் பயிற்சியும் பொறியாளர்களின் உதவியும் அந்த வாடகைக்குள் அடங்கின. இலவசமாகக் கிடைப்பதற்கு யார் பணம் கொடுப்பார்கள்? இந்தக் கேள்வியை முதலில் எதிர்கொண்டவர்களுள் அமெரிக்காவின் அப்ளைடு டேட்டா ரிசர்ச் நிறுவனத்தைச் சேர்ந்த மார்ட்டின் கோயட்ஸ் முக்கியமானவர். நிரல்களுக்குத் தானாகவே ஓட்டப்படம் வரையும் ஆட்டோஃப்ளோ என்ற மென்பொருளை இந்நிறுவனம் முதலில் ஆர்.சி.ஏ. கணினி நிறுவனத்திடம் கொண்டு சென்றது, அங்கே வாங்கவில்லை. எனவே 1965இல் கணினி வைத்திருந்தவர்களிடமே நேரடியாகப் போனது. மூன்றாண்டுக் குத்தகைக்கு 2,400 டாலர் என்று விலை வைத்தது. குத்தகை என்பதால் உடைமை கைமாறவில்லை. மென்பொருளுக்குச் சட்டப் பாதுகாப்பு தெளிவாக இல்லாத அக்காலத்தில் இது விவேகமான தேர்வு என்றே நான் கருதுகிறேன். வரிசைப்படுத்தும் முறை ஒன்றுக்குக் கோயட்ஸ் காப்புரிமை பெற்றதே 1968இல்தான்.

அடுத்த சோதனை இன்னும் துணிச்சலானது. இன்ஃபர்மேட்டிக்ஸ் நிறுவனம் 1967இல் மார்க் ஃபோர் என்ற கோப்பு மேலாண்மை மென்பொருளை 30,000 டாலருக்குச் சந்தைக்குக் கொண்டுவந்தது. நிரலுக்கு ஒரு காசுகூடக் கொடுத்துப் பழகாத வாடிக்கையாளர்களிடம் கேட்ட தொகை இது. உரிமம் நிரந்தரம். ஆனால் தொடக்கத்தில் புதிய மேம்பாடுகளையும் அதே விலைக்குள் இலவசமாகவே கொடுத்தார்கள். வாடிக்கையாளர் பெருகப் பெருக இந்தச் சுமையும் பெருகியது. சில ஆண்டுகளில் மேம்பாடுகளுக்குத் தனிக் கட்டணம் வாங்கத் தொடங்கினார்கள். மொத்த விற்பனையில் 10 கோடி டாலரைத் தாண்டிய முதல் மென்பொருள் என்ற பெயரை மார்க் ஃபோர் பின்னர் பெற்றது. அதன் வெற்றியைவிட, பராமரிப்பு ஒரு தனிச் செலவு என்பதை அது பட்டறிந்த விதமே நமக்கு முக்கியம்.

1969 ஜூன் 23 அன்று ஐ.பி.எம். தன் விலைப்பட்டியலைப் பிரித்தது. அதற்கு முன் அவ்வாண்டு ஜனவரியில் அமெரிக்க நீதித்துறை அதன் மீது ஏகபோக வழக்குத் தொடுத்திருந்தது. 17 நிரல்களுக்குத் தனி விலை வந்தது. பொறியாளர் சேவைக்கும் பயிற்சிக்கும் தனிக் கட்டணம் வந்தது. ஈடாக வன்பொருள் விலையில் 3 சதவீதம் மட்டுமே குறைந்தது. சேவை, நிரல், பயிற்சி மூன்றும் சேர்ந்து அவ்வளவுதானா என்று வாடிக்கையாளர்கள் பொருமியதில் நியாயம் இருந்தது.

இதன் பிறகு நிறுவன மென்பொருளில் ஒரு வழக்கம் வேரூன்றியது: நிரந்தர உரிமம், அதன் விலையில் குறிப்பிட்ட சதவீதம் ஆண்டுப் பராமரிப்பு. உரிம விலை ஏற்கெனவே தாளில் இருப்பதால் சதவீதம் போடுவது எளிது. ஆனால் விற்றபோது கிடைத்த விலைக்கும், பின்னர் செய்ய வேண்டிய வேலைக்கும் எந்த உறவும் இல்லை. அந்த வேலை எத்தகையது என்பதை லீன்ட்ஸ், ஸ்வான்சன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 487 நிறுவனங்களில் நடத்தி 1980இல் நூலாக வெளியிட்ட ஆய்வு காட்டியது. பராமரிப்பில் பிழை திருத்தம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான். மாறும் சூழலுக்கு ஏற்பத் திருத்துவதும், பயனர் கேட்கும் வசதிகளைச் சேர்ப்பதுமே பெரும்பகுதி. பராமரிப்பு என்றால் தயாரிப்பாளர் தம் பிழைகளைத் தாமே திருத்துவது, அதற்கு ஏன் பணம் என்று கேட்கும் வாடிக்கையாளருக்கு இதைவிடத் தெளிவான பதில் இல்லை. நம் நாட்டிலேயே சான்று உண்டு. 2017 ஜூலை 1 அன்று ஜி.எஸ்.டி. அமலுக்கு வந்தபோது, பிழையே இல்லாத கணக்கு மென்பொருளும் திருத்தாமல் பயன்படாது என்ற நிலை வந்தது. கணக்கு மென்பொருளான டேலியின் ஏற்பாடு இங்கே கவனிக்கத்தக்கது: உரிமம் நிரந்தரம், ஆண்டுச் சந்தாவைப் புதுப்பிக்காவிட்டாலும் கையிலுள்ள பதிப்பு ஓடும், புதிய பதிப்புகள் மட்டும் வராது.

தனிநபர் கணினிகளில் கதை வேறு. 1983இல் போர்லாண்ட் நிறுவனம் தன் டர்போ பாஸ்கல் என்ற நிரலாக்க மென்பொருளை 49.95 டாலருக்கு விற்றது. அந்த விலையில் ஒவ்வொருவரோடும் பராமரிப்பு ஒப்பந்தம் போட முடியாது. அத்தகைய மென்பொருள்களுக்குப் புதிய பதிப்பை விற்பதே பராமரிப்புச் செலவை ஈட்டும் வழியானது.

சதவீத முறையின் பலவீனம் 2008இல் வெட்டவெளிச்சமானது. ஜெர்மனியின் எஸ்.ஏ.பி. நிறுவனம் பராமரிப்புக் கட்டணத்தை 17 சதவீதத்திலிருந்து படிப்படியாக 22 சதவீதமாக்கப் போவதாக அறிவித்தது. பொருளாதார நெருக்கடிக் காலம் அது. பயனர் அமைப்புகள் கடுமையாக எதிர்த்தன. கூடுதலாக என்ன வேலை செய்யப்போகிறீர்கள் என்று கணக்குக் கேட்டன. 2010 ஜனவரியில் குறைந்த கட்டணச் சேவையும் மீண்டும் கிடைக்கும் என்று நிறுவனம் இறங்கிவந்தது.

2013இல் அடோபி இரண்டு விலைகளையும் ஒன்றாக்கியது. தன் படைப்பு மென்பொருள்களின் புதிய பதிப்புகள் இனிச் சந்தாவில் மட்டுமே என்றது. தயாரிப்பாளருக்கு இது சீரான வருமானம். சந்தாவை நிறுத்தியவருக்கோ, பல ஆண்டு பணம் கட்டியும் கையில் மென்பொருள் மிஞ்சாது. 2015 செப்டம்பரில் நிரலாளர்களுக்கான கருவிகளை விற்கும் ஜெட்பிரெயின்ஸ் இதே வழியில் இறங்கியபோது, அதன் வாடிக்கையாளர்கள் முக்கியமாக எதிர்த்தது இந்தக் கூறைத்தான். இரண்டே வாரங்களில் நிறுவனம் திட்டத்தைத் திருத்தியது. பன்னிரண்டு மாதம் தொடர்ந்து கட்டியவர் பிறகு நிறுத்தினாலும் ஒரு பழைய பதிப்பை நிரந்தரமாகப் பயன்படுத்தலாம். தொடர்ந்து கட்டுவோருக்கு இரண்டாம் ஆண்டில் 20 சதவீதமும் மூன்றாம் ஆண்டு முதல் 40 சதவீதமும் தள்ளுபடி.

என் பார்வையில், ஒன்றாக்கிய விலைகளை இத்திட்டம் மறுபடி பிரித்துக் காட்டுகிறது: முதலாண்டுத் தொகையிலேயே உரிமம் அடங்கிவிடுகிறது, பின்னர் கட்டுவது பராமரிப்புக்கு. அப்படிப் பார்த்தால் அந்தப் பராமரிப்பு இரண்டாம் ஆண்டில் முதல் விலையில் 80 சதவீதம், மூன்றாம் ஆண்டு முதல் 60 சதவீதம். 17க்கும் 22க்கும் இடையே சண்டையிட்ட தொழிலில் வாடிக்கையாளர்கள் இதை ஏற்றார்கள் என்றால், நிறுத்தினாலும் கையில் என்ன மிஞ்சும் என்பது ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டிருந்ததும் அதற்கு ஒரு காரணம்.