மாறாத எண்: மைசூரில் ‘ஆவாஹன்’ அளக்கப்பட்ட வரலாறு

2004இல் மைசூரு நகரப் பெண் பாலியல் தொழிலாளரிடையே நடந்த ஆய்வில் 26 விழுக்காட்டினருக்கு எச்.ஐ.வி. தொற்று இருந்தது. 2006இல் மீண்டும் ஆய்ந்தபோது 24 விழுக்காடு. இடையில் அந்நகரில் செயல்பட்டது அமெரிக்காவின் கேட்ஸ் அறக்கட்டளை நிதியளித்த ஆவாஹன் திட்டம். இவ்விரு எண்களை மட்டும் காண்பவர் பணம் வீணாயிற்று என்றே முடிவு கட்டுவார். அம்முடிவு தவறானது.

ஆவாஹன் 2003இன் இறுதியில் ஆறு மாநிலங்களில் தொடங்கப்பட்டது. பத்தாண்டுகளில் அதற்குச் செலவிடப்பட்ட தொகை ஏறத்தாழ 33.8 கோடி டாலர். (கலசத்தில் தெய்வத்தை எழுந்தருளச் செய்யும் ‘ஆவாகனம்’ என்ற அதே சொல்தான். அயல்நாட்டு நிதித் திட்டங்கள் வடமொழிப் பெயர் சூடுவது தனி ஆய்வுக்குரியது.) மைசூரில் இதை முன்னெடுத்தது கனடாவின் மனிடோபா பல்கலைக்கழகக் குழு. மும்பையின் காமாட்டிபுராவைப் போல மைசூரில் இத்தொழிலுக்கெனத் தனிப் பகுதி இல்லை. தெருவும் விடுதியும் வீடுமே களம். வெளியாளால் அங்கே யாரையும் எண்ண முடியாது. ஆகவே அத்தொழிலில் இருந்தவர்களே களப்பணியின் மையமாயினர். பின்னர் ‘அஷோதயா சமிதி’ என்ற பெயரில் அமைப்பாகவும் திரண்டனர்.

மாறாத அந்த எண்ணுக்கு வருவோம். ஒரு காலத்தில் தொற்றுடன் வாழ்வோர் அனைவரின் விகிதம் அது. புதிதாகத் தொற்றியோரின் விகிதமன்று. புதிய தொற்று பெரிதும் குறைந்தாலும், முன்பே தொற்றியோர் உயிருடன் இருக்கும்வரை அது எளிதில் இறங்காது. 2004 ஏப்ரலில் இந்திய அரசு இலவசக் கூட்டுமருந்துச் சிகிச்சையைத் தொடங்கியது. மருந்தால் ஆயுள் நீண்டால் அந்த விகிதம் உயரவும் கூடும். மக்கள் பிழைத்திருப்பதைத் தோல்வியாகக் காட்டும் அளவுகோல் இது.

விரைவில் மாறக்கூடியவை வேறு நோய்கள். சிபிலிஸ் 25இலிருந்து 12 விழுக்காடாகவும், டிரைக்கோமோனாஸ் 33இலிருந்து 14ஆகவும், கிளமிடியா 11இலிருந்து 5ஆகவும் குறைந்தன. இவ்வீழ்ச்சி முழுவதையும் ஆணுறையின் கணக்கில் எழுதிவிட முடியாது. திட்டத்தின் மருத்துவமனை தந்த சிகிச்சைக்கும் இதில் பங்குண்டு.

அவ்வப்போது வரும் வாடிக்கையாளருடன் கடைசி முறை ஆணுறை பயன்படுத்தியதாகக் கூறியோர் 65 விழுக்காட்டிலிருந்து 90 ஆயினர். ‘கூறியோர்’ என்பதே இங்கு முதன்மையான சொல். தமிழ்நாட்டில் அமெரிக்க அரசின் உதவியுடன் 1995இல் தொடங்கிய ஏ.பி.ஏ.சி. திட்டம், 1996 முதல் நடத்தைக் கண்காணிப்பு ஆய்வுகளை நடத்தியது. கேள்விக்குப் பெறப்படும் பதிலே அத்தகைய ஆய்வின் சான்று. சரியான விடை எதுவென்று ஈராண்டுகள் கற்பிக்கப்பட்டவர், கேட்டால் அவ்விடையையே சொல்வார். மைசூரு ஆய்வின் வலிமை, வாய்மொழியும் ஆய்வகச் சோதனையும் ஒரே திசையில் நகர்ந்தன என்பதில் உள்ளது.

வலிமை அவ்வளவே. ஒப்பிட்டுப் பார்க்க, திட்டம் இல்லாத இன்னொரு மைசூரு இல்லை. இரு ஆய்விலும் கலந்துகொண்ட நானூற்றுச் சொச்சம் பெண்கள் ஒரே குழுவினரும் அல்லர். அரசின் எய்ட்ஸ் தடுப்புப் பணியும் உடன் நடந்துகொண்டிருந்தது. இக்குறை திட்டம் முழுமைக்கும் பொருந்தும். எந்த மாவட்டத்தில் தொடங்குவது என்பது குலுக்கல் முறையில் தீர்மானிக்கப்படவில்லை. ஆகவே பின்னாளைய மதிப்பீடுகள் கணித மாதிரிகளைச் சார்ந்தன. 2011இல் லான்செட் இதழில் வந்த ஆய்வு, 2003–08இல் ஏறத்தாழ ஒரு லட்சம் தொற்றுகள் தவிர்க்கப்பட்டன என்றது. 2013இல் வந்த மற்றோர் ஆய்வு பத்தாண்டுகளில் ஆறு லட்சம் என்றது. கால அளவு மட்டும் இவ்வேறுபாட்டை விளக்காது. ஆவாஹன் இல்லாத இந்தியாவை ஒவ்வோர் ஆய்வும் வேறு வேறு விதமாகக் கற்பனை செய்தது.

2009 முதல் திட்டப்பணிகள் படிப்படியாக அரசிடம் ஒப்படைக்கப்பட்டன. அஷோதயா தொடர்ந்து இயங்கியது. அதன்பின் மைசூரில் நிகழ்ந்த மாற்றத்தைக் கேட்ஸ் நிதியின் பேரில் எழுதுவதா, அரசின் பேரில் எழுதுவதா, அப்பெண்களின் பேரிலேயே எழுதுவதா என்ற வினாவுக்கு விடை தரும் வகையில் 2004, 2006 ஆய்வுகள் வடிவமைக்கப்படவில்லை.